ஓடையும் சாட்சி சொல்லும்

ஊர் மேட்டில் இருக்கும், காலனி பள்ளத்தில் இருக்கும். பாலாற்றை நோக்கி ஓடும் சிற்றோடைகளின் கரையில் நடந்தால் பல இடங்களில் இதைத்தான் பார்க்கிறோம். மலையடிவாரத்தில் தெளிந்து வரும் தண்ணீர், ஊரைக் கடக்கையில் சாக்கடையையும், சில இடங்களில் தோல் பதனிடும் கழிவையும் வாங்கிக்கொண்டு நம் தெருவுக்கு வருகிறது. நம் ஆடு மாடுகள் குடிப்பதும், பிள்ளைகள் மீன் பிடிப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

"தண்ணி கெட்டுப்போச்சு" என்று நாம் மனு கொடுக்கிறோம். "எப்போதிருந்து? எந்த இடத்திலிருந்து?" என்று அதிகாரி கேட்டால் நம் கையில் கணக்கு இல்லை. 1996இல் வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிட முடியாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகம் கண்டறிந்த கணக்கு அதில் இடம்பெற்றது. கண்ணீரோடு கணக்கும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும். அந்தக் கணக்கை நம் மாணவர்களே எழுதத் தொடங்கலாம்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு கம்பில் கட்டிய பழைய கொசுவலை, ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு நோட்டு போதும். இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, கழிவு கலப்பதற்கு மேலே. மற்றொன்று, கலந்த பிறகு கீழே. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றினால் பூச்சிகள் தானாகவே குறையும். அதனால் ஓர் இடத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. மேலேயும் கீழேயும் உள்ள வித்தியாசம்தான் பேசும்.

முதலில் நிறம், நாற்றம், நுரை, ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காய்ந்த இலையைப் போட்டு, 10 மீட்டர் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணினால் ஓட்டத்தின் வேகம் தெரியும். பிறகு வலையைத் தண்ணீருக்குக் குறுக்கே பிடித்து, அதற்கு முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளறுங்கள். வலையில் சிக்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டினால், கல்லுக்கு அடியில் வாழும் உயிர்கள் தெரியும்.

பின்புறம் பெரும்பாலும் மூன்று மெல்லிய இழைகள் நீண்டிருக்கும் மேஃப்ளை இளம்பூச்சி, மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ் புழு ஆகியவற்றில் பல வகை இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று பொருள். தட்டானின் இளம்பூச்சி ஓரளவு அழுக்கைத் தாங்கும். சிவப்புப் புழுவும் கொசுப்புழுவும் மட்டுமே மிஞ்சியிருந்தால் ஓடை நோயில் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்க உதவும் ஹீமோகுளோபின்தான் அந்தப் புழுவுக்குச் சிவப்பு நிறம் தருகிறது. எத்தனை பூச்சி என்பதைவிட எத்தனை வகை என்பதே முக்கியம்.

புட்டியில் பிடிக்கும் தண்ணீர் அந்த நிமிடத்தின் நிலையை மட்டும் காட்டும். கழிவை ராத்திரியில் திறந்துவிட்டால், காலையில் எடுக்கும் புட்டியில் அது அகப்படாமல் போகலாம். பூச்சியோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கேயே வாழ்கிறது. இரவில் நடந்ததும் அதற்குத் தெரியும்.

பள்ளி, கல்லூரி ஆய்வகத்தின் உதவி கிடைத்தால் ஆக்சிஜனையும் அளக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில், குளிக்கத் தகுந்த தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமும், மீன் வளர 4 மில்லிகிராமும் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். நுரை பொங்கும், நிறம் மாறிய தண்ணீரில் இறங்காதீர்கள். வெள்ள நாளில் போகாதீர்கள். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். பூச்சிகள் நிறைய இருப்பதால் அது குடிநீர் ஆகிவிடாது. நோய்க்கிருமி கண்ணுக்குத் தெரியாது.

இந்த நோட்டு ஏன் நமக்கு முக்கியம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தை, அந்தப் பயன்பாட்டுக்குத் தகுதி குறையும்படி அவர்கள் அல்லாதவர் கெடுப்பதைக் குற்றம் என்கிறது. தகுதி குறைந்தது என்று காட்ட, முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். நம் நோட்டு மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிக்கே அங்கே மதிப்பு. ஆனால் அந்த அதிகாரியை நம் ஓடைக்கு வரவழைக்கும் வலு, தேதியும் இடமும் புகைப்படமும் உள்ள நோட்டுக்கு உண்டு.

1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தொடும் உரிமைக்காக நடந்தது அந்தப் போராட்டம். தொட முடிகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில், கிராம சபை கூடுகிறது. மாதம் ஒருமுறை ஓடைக்குப் போய் எழுதிய கணக்கை அங்கே வாசிப்போம். தீர்மானத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்போம்.