சாத்தாத கதவு

சென்ற தவணையிலே, வகுப்பில் பெண்கல்வியின் வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தபோது, பண்டித ரமாபாய் அம்மையாரின் பெயரைக் குறிப்பிட நேர்ந்தது. "தம்மைப் பழித்தவர்களுக்கு அவர் என்ன மறுமொழி சொன்னார், ஐயா?" என்று ஒரு மாணவி வினவினாள். உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. சைவக் குடும்பத்திற் பிறந்த நான், கிறித்தவ சமயந் தழுவிய அந்த மராட்டிய மாதின் வரலாற்றை மீண்டும் தேடிப் படித்தமைக்கு அவ்வினாவே காரணம்.

ரமாபாய் 1858 ஆம் ஆண்டு பிராமண குலத்திற் பிறந்தவர். பெண்ணுக்கு வடமொழி ஆகாதென்று இருந்த காலத்திலே, தந்தையார் அனந்த சாஸ்திரி தம் மனைவிக்கும் மகளிர்க்கும் அதனைக் கற்பித்தார். 1870 களிற் பரவிய பஞ்சத்திலே பெற்றோரும் தமக்கையும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். எஞ்சிய தமையனோடு ஊர் ஊராய் நடந்து புராணம் சொல்லிப் பிழைத்த அப்பெண்ணை, 1878 இல் கல்கத்தாவின் அறிஞர்கள் "பண்டிதா", "சரஸ்வதி" எனப் பட்டமளித்துப் போற்றினர். பின்னர் வேறு குலத்தவரான வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்து, ஈராண்டுக்குள் கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார்.

1883 இல் மருத்துவம் பயிலும் எண்ணத்துடன் இங்கிலாந்துக்குச் சென்றார். செவிப்புலன் குன்றியிருந்தமையால் அவ்வெண்ணம் கைகூடவில்லை. அங்கே, வழிதவறிய பெண்களென்று உலகம் ஒதுக்கியவர்களைக் கன்னியர் சிலர் அன்போடு பராமரிப்பதைக் கண்டார். "இவர்களை இப்படி நடத்த உங்களைத் தூண்டியது எது?" என்று கேட்டார். கிணற்றடியிலே சமாரியப் பெண்ணொருத்தியுடன் இயேசு உரையாடிய கதையை அவர்கள் எடுத்துரைத்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார்.

தாயகத்தில் எழுந்த கூக்குரலைச் சொல்ல வேண்டியதில்லை. வாசகர் பலர் அறியாதது மற்றொன்று: அவரை ஏற்றுக்கொண்டவர்களும் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. மரக்கறி உணவையும் தம் நாட்டு உடையையும் அவர் கைவிடாததை அகங்காரமென்றனர். திருத்துவக் கொள்கையைப் பற்றிக் கேள்வி கேட்டதைக் கீழ்ப்படியாமை என்றனர். ஆடவருக்குப் பாடஞ் சொல்லலாகாதெனத் திருச்சபைத் தலைவர்கள் தடுத்தனர். கற்றோர் நிறைந்த சபைகளிற் பேசிய பெண்ணுக்கு இது விந்தையாக இருந்திருக்கும். சிலுவையிற் பொறிக்கும் வாசகம் தமக்கும் தம் நாட்டுப் பெண்களுக்கும் அறிமுகமில்லாத இலத்தீனில் ஏன் இருக்கவேண்டும், வடமொழியில் இருந்தாலென்ன என்று அவர் கேட்டார். ஆயினும் அவர்கள்மீது கொண்ட நன்றியை அவர் இழக்கவில்லை. விசுவாசம் வேறு, அதனைக் கற்பித்தவர்களின் பழக்கவழக்கம் வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

1889 இல் பம்பாயிலே கைம்பெண்களுக்காக "சாரதா சதனம்" திறந்தார். அடுத்த ஆண்டு அது பூனாவுக்கு மாறியது. எவரையும் மதம் மாற்றுவதில்லை என்பது உடன்பாடு. இரானடே, பண்டார்க்கர் முதலிய இந்துப் பெரியார்கள் ஆலோசகராயினர். ரமாபாய் தம் அறையிலே மகளுடன் வழிபடும் வேளையிற் கதவைச் சாத்துவதில்லை. சில மாணவியர் தாமாகவே வந்து அமர்ந்தனர். ஊர் கொதித்தது, திலகரின் "கேசரி" பத்திரிகை தாக்கியது, 1893 இல் ஆலோசகர்கள் விலகினர், பெண்கள் பலரை உறவினர் அழைத்துச் சென்றனர். கதவைச் சாத்தியிருந்தால் நிதியும் நற்பெயரும் நின்றிருக்கும். அவர் சாத்தவில்லை.

எதிர்த்தவர்களின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று நான் கூறமாட்டேன். பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே தம் சமயத்தைப் போதித்தார். ஆனால் அச்சதனத்தின் முதல் மாணவியருள் ஒருவரான கோதுபாய் இந்துவாகவே இருந்து, 1893 இல் பேராசிரியர் கார்வேயை மறுமணஞ் செய்தார் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளவேண்டும். பெண்களுக்கெனப் பின்னாளிற் பல்கலைக்கழகங் கண்ட கார்வே அவரே.

மூன்றாண்டுகள் கழித்து மத்திய மாகாணங்களிற் பஞ்சம் வந்தது. இளமையிற் பட்டினியை அறிந்தவரன்றோ? தாமே நேரிற் சென்று, எலும்புந் தோலுமாய்க் கிடந்த சிறுமியர் சுமார் 300 பேரை அழைத்துவந்தார். அவர்கள் யாவரும் அவரைத் தூற்றிய சமூகத்தின் பிள்ளைகள். பூனாவுக்கு அப்பால் கேட்காமில், சதனத்தின் வருவாய்க்கென வாங்கியிருந்த தோட்டத்திலே "முக்தி" இல்லம் எழுந்தது. நெசவும் தோட்டவேலையும் அச்சுத்தொழிலும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஊரார் தள்ளிய பெண்களுக்கென "கிருபா சதனம்" என்ற தனி இல்லமும் உண்டாயிற்று. அந்தக் கிணற்றடிக் கதையை அவர் மறக்கவில்லை போலும்.

மாணவிக்கு இவற்றையே கூறினேன். "அப்படியானால் மறுமொழியே சொல்லவில்லையா?" என்று விடாது கேட்டாள். பின்னர் அவர் செய்த பெரும்பணியொன்றையும் சொன்னேன். வேதாகமத்தை எளிய பெண்களும் விளங்கிக்கொள்ளும் மராட்டியில் தருவதற்காக, நடுவயதுக்குப் பின் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, பல ஆண்டுகள் உழைத்தார். 1921 இல் ஒரே மகள் மனோரமா இறந்தாள். மறு ஆண்டு ஏப்ரலில் அவரும் மறைந்தார். நூல் முழுமையாக வெளிவந்தது 1924 இல். அதற்கு எழுத்துக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் முக்தி இல்லத்துப் பெண்கள்.