ஹாப்ஸ்: கசப்பிலிருந்து மணத்துக்கு

பீரின் கசப்பு ஹாப்ஸ் என்ற ஏறுகொடியின் பூக்கூம்பிலிருந்து வருகிறது. ஹ்யூமுலஸ் லூப்புலஸ் என்று தாவரவியலில் பெயர் பெற்ற இந்தக் கொடி கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் கஞ்சாவின் போதைப்பொருள் இதில் கிடையாது. ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனியாக வளரும். பீருக்கு வேண்டியவை பெண் கொடியின் பச்சைக் கூம்புகள். கூம்பைப் பிளந்தால் இதழ்களின் அடியில் பிசுபிசுப்பான மஞ்சள் தூள் தெரியும். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலங்களும் மணத்தைத் தரும் எண்ணெய்களும் லூப்புலின் எனப்படும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன.

இந்தக் கொடிக்குக் கோடையில் நீண்ட பகலும் குளிர்காலத்தில் நல்ல குளிரும் தேவை. அதனால் இது பெரும்பாலும் 35 முதல் 55 பாகை வரையிலான அட்சரேகைகளுக்குள் பயிராகிறது. ஜெர்மனியின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஜாடெட்ஸ், இங்கிலாந்தின் கென்ட், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள யாக்கிமா பள்ளத்தாக்கு ஆகியவை பேர்பெற்ற ஹாப்ஸ் வட்டாரங்கள். இந்தியாவில் ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் சிறிய அளவில் பயிரிட்டிருக்கிறார்கள். உயரமான கம்பங்களுக்கிடையே கட்டிய கயிறுகளில் கொடி ஐந்தாறு மீட்டர் ஏறும். வடகோளத்தில் ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் அறுவடை நடக்கும். பறித்த கூம்புகளை உடனே உலர்த்தி, பெரும்பாலும் இடித்துச் சிறு குச்சிகளாக அழுத்தி, குளிர்பதனத்தில் வைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் ஹாப்ஸ் வழக்கத்துக்கு வருமுன் பலவகை மூலிகைகளைப் போட்டுத்தான் பீர் வடித்தார்கள். ஹாப்ஸ் அவற்றை ஓரங்கட்டியதற்குச் சுவை மட்டுமே காரணம் அல்ல. அதன் கசப்பு அமிலங்கள் பீரைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களைத் தடுக்கும்; ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. கெடாத பீரை வெளியூருக்கு அனுப்பி விற்கவும் முடிந்தது. 1516இல் பவேரியாவில் பிறந்த சட்டம், பீரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நொதிக்க வைப்பது எதுவென்று அன்று யாருக்கும் தெரியாது.

ஹாப்ஸ் மிகுந்த பீர்களில் இன்று முதலிடம் பெற்றிருக்கும் இந்தியா பேல் ஏலுக்கு, சுருக்கமாக ஐ.பி.ஏ.வுக்கு, மதராசோடும் ஒரு தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் நடத்திய வடிப்பாலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நங்கூரமிடும் இடத்துக்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்கள் அவரிடம் கடனுக்குப் பீர் வாங்கி, கல்கத்தா, பம்பாய், மதராஸ் துறைமுகங்களில் வெள்ளையருக்கு விற்றார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் வரும் பயணத்தைத் தாங்குவதற்காகவே ஹாட்ஜ்சன் ஐ.பி.ஏ.வைக் கண்டுபிடித்தார் என்ற கதை பாட்டில் லேபிள்களில்கூட அச்சாகிறது. அதற்குச் சான்று கிடையாது. வெப்பநாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸை அதிகம் சேர்க்கும் வழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. கருநிற போர்ட்டர் பீரும் அதே கப்பல்களில் கெடாமல் வந்து சேர்ந்து, வெள்ளைக்காரச் சிப்பாய்களின் தாகத்தைத் தீர்த்தது. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சப், பாஸ் வடிப்பாலைகள் இந்த வியாபாரத்தில் இறங்கி ஹாட்ஜ்சன் குடும்பத்தின் பிடியைத் தளர்த்தின. பர்ட்டன் கிணற்றுநீரில் ஜிப்சம் மிகுதி. அதிலுள்ள சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பைத் துல்லியமாக எடுத்துக்காட்டும். இன்றும் பல நாட்டு வடிப்பாளர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து அந்த ஊர்த் தண்ணீரைப்போல் ஆக்கிக்கொள்கிறார்கள்.

20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மங்கிப்போன ஐ.பி.ஏ. அமெரிக்காவில் மறுபிறவி எடுத்தது. அதற்கு வழி செய்தது 1970களின் தொடக்கத்தில் ஆரகனில் வெளியான கேஸ்கேட் என்ற புது ஹாப்ஸ் ரகம். ஐரோப்பிய ரகங்களில் மூலிகை, மண், மலர் வாசனைதான் தூக்கலாக இருக்கும். கேஸ்கேட்டில் பம்ப்ளிமாஸ் தோலின் மணம் வீசியது. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் வடிப்பாலை 1975இல் வெளியிட்ட லிபர்ட்டி ஏலிலும், கென் கிராஸ்மன் 1980இல் தொடங்கிய சியரா நெவாடாவின் பேல் ஏலிலும் அந்த மணம்தான் முன்னின்றது. வீட்டில் பீர் வடிப்பதற்கு இருந்த தடையை நீக்கும் சட்டத்தில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகு, அடுக்களையில் தொழில் கற்ற பலர் சிறு வடிப்பாலைகள் திறந்தார்கள். இவர்கள் வடித்ததே கிராஃப்ட் பீர்.

வடிக்கும் முறையின் முதல் பாதி எல்லாப் பீருக்கும் ஒன்றுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை உடைத்து, ஏறக்குறைய 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மால்ட்டிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். வடிகட்டி எடுத்த இனிப்பு நீர்தான் வோர்ட். ஐ.பி.ஏ.வின் தனித்தன்மை அந்த வோர்ட் கொதிக்கத் தொடங்கும்போது ஆரம்பிக்கிறது; எந்த ஹாப்ஸ் என்பதைவிட எப்போது போடுகிறார்கள் என்பதே பீரை முடிவுசெய்கிறது.

ஆல்ஃபா அமிலங்கள் தண்ணீரில் எளிதில் கரையா. கொதியில் நேரம் செல்லச் செல்ல அவற்றின் மூலக்கூறு அமைப்பு மாறி, கரையும் கசப்பாகிறது. அதனால் கசப்புக்கான ஹாப்ஸை முதலிலேயே போட்டு ஒரு மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும். ஆனால் அதே கொதி மண எண்ணெய்களை ஆவியாக்கிவிடும். ரசத்தை இறக்கும் நேரத்தில் கொத்தமல்லித் தழை போடும் அதே நியாயத்தில், மணத்துக்கான ஹாப்ஸ் கொதி முடியும் தறுவாயிலோ, அடுப்பை அணைத்து 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்ட பிறகோ சேரும். பின்பு வோர்ட்டை 20 டிகிரிக்குக் குளிரவைத்து ஈஸ்ட் விட, சில நாளில் சர்க்கரை ஆல்கஹாலாகும். நொதிப்பு அடங்கும்போது மறுபடி ஹாப்ஸ் போட்டு, கொதியே இல்லாமல் இரண்டு மூன்று நாள் ஊறவைப்பார்கள். பழைய ஆங்கில வடிப்பாளர்கள் பீப்பாய்க்குள் ஒரு பிடி கூம்பைப் போட்டு அடைத்ததின் தொடர்ச்சி இது. இன்றைய சில ஐ.பி.ஏ.க்களில் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் போடுவதும் உண்டு.

கசப்பை ஐ.பி.யு. என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் கசப்பு அமிலம் ஏறக்குறைய ஓர் அலகு. சாதாரண லாகர் பீரில் இது பத்தையொட்டி இருக்கும், அமெரிக்க ஐ.பி.ஏ.வில் 50, 60ஐத் தாண்டும். ஒரு காலத்தில் வடிப்பாலைகள் போட்டிபோட்டுக்கொண்டு இந்த எண்ணை ஏற்றின. வீண் போட்டி அது. நாக்கு ஓர் எல்லைக்கு மேல் வித்தியாசம் அறியாது. மால்ட்டின் இனிப்பு ஈடுகொடுக்காத கசப்பு வெறும் கஷாயம். இந்தப் போக்குக்கு மாற்றாக அமெரிக்காவின் வெர்மான்ட் வட்டாரத்தில் உருவானதுதான் கலங்கல் ஐ.பி.ஏ. ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் வழவழப்பு. கொதியில் குறைவாகவும் பின்னால் நிறையவும் ஹாப்ஸ் போடுவதால் கசப்பு தணிந்து, மாம்பழ, ஆரஞ்சுச் சாற்றின் வாசனை. சிட்ரா, மொசாய்க் போன்ற புது ரகங்கள் இதற்கென்றே பிறந்தவை போலிருக்கும். பழம் எதுவும் அதில் சேர்வதில்லை.

இப்படி வடித்த பீரை உறைநிலையை ஒட்டிய குளிரில் குடித்தால் போட்ட ஹாப்ஸ் அத்தனையும் வீண். 7 முதல் 10 டிகிரி போதும். கண்ணாடிக் குவளையில் நுரை எழும்ப ஊற்றினால் மணம் மேலே வரும். காரசாரமான இந்தியச் சாப்பாட்டுக்கு ஐ.பி.ஏ. பொருத்தம் என்று உணவக அட்டைகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கசப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டவே செய்யும். எண்ணெயில் பொரித்த மீனும் முற்றிய செடார் பாலாடைக்கட்டியும் இதைவிட நல்ல துணை. இன்னொன்று, வழக்கமான பீரில் ஆல்கஹால் 5 சதவீதம் என்றால் ஐ.பி.ஏ.வில் 6, 7 சதவீதம். அளவு தெரியாமல் குடித்தால் தலை சுற்றும்.

ஹாப்ஸ் மணத்துக்கு வெளிச்சமும் ஆக்ஸிஜனும் எதிரிகள். வெயிலோ குழல்விளக்கோ பட்டால் கசப்பு அமிலங்கள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் உண்டாகும். பழுப்புப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும், தகர டப்பா முழுதாகத் தடுக்கும்; பச்சைப் பாட்டிலும் நிறமற்ற பாட்டிலும் பார்க்க அழகுதான். மூடியிடும்போது உள்ளே நுழையும் சிறிதளவு காற்றே பழ மணத்தை அழித்து, பீரை நனைந்த அட்டைபோல் சுவைக்கச் செய்துவிடும். ஒயினைப்போல் வைத்திருந்து குடிக்கும் பொருள் அல்ல இது. வடித்து மூன்று மாதம் கடந்த ஐ.பி.ஏ., குளிர்பெட்டிக்கு வெளியே அலமாரியில் நின்றிருந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காமல் விடுவதே நல்லது.