சிறிய கைபேசியும் பெரிய செயலியும்

திருமலையில் வேங்கடவனைத் தரிசிக்க விழைவோர் 300 ரூபாய் சிறப்பு நுழைவுச் சீட்டினை இன்று இணையத்தின் வழியே பதிவு செய்துகொள்கின்றனர். சீட்டுகள் சில மாதங்களுக்கு முன்னதாகவே, அறிவித்த நாளில், அறிவித்த நேரத்தில் வெளியிடப்படுகின்றன. விரைவிலேயே பல தேதிகள் நிரம்பிவிடுவதும் உண்டு. அவ்வேளையில், சித்தூரில் ஒரு வீட்டில் அண்ணன் விலையுயர்ந்த கைபேசியிலும், தம்பி ஏழாயிரம் ரூபாய்க் கைபேசியிலும் முயல்வதாகக் கொள்வோம். இருவருக்கும் இணைப்பு ஒன்றே. ஆயினும், அண்ணன் பெயரும் வயதும் நிரப்பி முடிக்கும்போது தம்பியின் திரை வெறும் வெள்ளையாகவே நிற்கக் கூடும். "நெட் சரியில்லை" என்று பழியை இணைப்பின்மேல் சுமத்துவது நம் வழக்கம். ஒரே இணைப்பில் இருவர்க்கும் இரு வேறு கதி நேருமாயின், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும் அன்றோ?

ஆதியில் இணையப் பக்கம் என்பது அச்சிட்ட தாளைப் போன்றது. தொலைவிலுள்ள சர்வர் அதனை முழுமையாக ஆக்கி அனுப்பும். நம் கருவி அதைக் காட்டினால் போதும். 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் பத்தே நாட்களில் வகுத்தார். பக்கத்தில் சிறு சிறு அசைவுகளைச் சேர்ப்பதற்கென வந்த அம்மொழி, நாளடைவில் பக்கம் முழுவதையும் கட்டியெழுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. சமைத்த சோற்றை இலையில் பரிமாறுவது பழைய முறை. அரிசியும் பருப்பும் சமையற் குறிப்பும் அனுப்பி, "உம் வீட்டு அடுப்பிலேயே சமைத்துக்கொள்ளும்" என்பது புதிய முறை. பெரிய அடுப்பு உடையவருக்கு இதில் தொல்லை இல்லை.

ஒரே அளவுள்ள ஒரு படத்தையும் ஒரு நிரலையும் ஒப்பிட்டால் இது விளங்கும். படம் வந்து சேர்ந்ததும் அதை விரித்துத் திரையில் தீட்டினால் வேலை முடிந்தது. நிரலையோ உலாவி படித்து, பொருள் பிரித்து, யந்திர மொழிக்கு மாற்றி, பின்னர் இயக்கவும் வேண்டும். இவ்வேலையின் பெரும்பகுதி ஒரே தடத்தில், ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெறுகிறது. நம் விரல் தொடுதலைக் கவனிப்பதும் அதே தடந்தான். சமையற்காரரே வாயிற்கதவையும் திறக்க வேண்டிய வீட்டில் விருந்தினர் காத்திருப்பதில் வியப்பென்ன? பொத்தானை அழுத்துகிறோம், அசைவில்லை, மீண்டும் அழுத்துகிறோம், பிறகு இரண்டு அழுத்தங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. மலிவான சில்லில் எட்டுக் கருக்கள் இருப்பினும், ஒவ்வொன்றும் மெதுவானதாயின் இவ்விடத்தில் எண்ணிக்கை பெரிதும் உதவாது.

அடுத்தது நினைவகம். இதுவே சீட்டுப் பதிவில் மிகவும் வருத்துவது. இயங்குதளமும் உலாவியும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டபின் சிறிய கைபேசியில் எஞ்சுவது சொற்பமே. கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருகிறது. அதனைப் படிக்க உலாவியை விட்டுச் செய்திப் பெட்டிக்குச் செல்கிறோம். இடம் போதாமையால் கருவி உலாவியின் பக்கத்தை நினைவகத்திலிருந்து அகற்றிவிடுகிறது. திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து ஏறத் தொடங்கும், நிரப்பியவை மறைந்திருக்கும். தனியே நிறுவப்படும் செயலிகளிலும் சில, உள்ளே ஓர் உலாவியையே சுமந்து நிற்பவை. அவற்றிற்கும் இத்துன்பம் உண்டு.

இவ்வட்டாரத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இப்போது திருப்பதி மாவட்டத்திலும், 2022-க்கு முன் சித்தூர் மாவட்டத்திலும் அமைந்த ஸ்ரீசிட்டியில், 2015-ஆம் ஆண்டு பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஷாவ்மியின் ரெட்மி 2 பிரைம் தயாராயிற்று. விலை 6,999 ரூபாய். நான்கு கருச் சில்லு. 2 ஜிபி நினைவகம். அந்நாளில் எளியவர்க்கு ஏற்ற நல்ல கருவி அது. அத்தகைய கருவியின் வலிமை பிற்காலத்தில் வளர்வதில்லை. பக்கங்களின் சுமையோ வளர்ந்துகொண்டே போயிற்று. அவற்றை ஆக்குவோர் மேசைமீதுள்ள உயர்ந்த கணினியில் சோதித்து மகிழ்வதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

வழி இல்லாமற் போகவில்லை. 2015-இல் பிளிப்கார்ட், கைபேசிக்கான தன் இணையதளத்தை மூடிச் செயலியையே நம்பியிருந்து, அதே ஆண்டின் நவம்பரில் 'பிளிப்கார்ட் லைட்' என்னும் இலகுவான இணைய வடிவத்துடன் திரும்பி வந்தது. 2017-இல் வெளிவந்த ஜியோபோனில் நினைவகம் 512 எம்பி மட்டுமே. அதற்கென எழுதப்பட்ட செயலிகள் அதிலும் இயங்கின. பக்கத்தைச் சர்வரிலேயே ஆக்கி அனுப்புவதும், தேவையற்ற நிரலை நீக்குவதும், மலிவான கைபேசியில் சோதிப்பதும் பொறியாளர் கையில் உள்ளவை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கணினியில் கூடுதல் இடம் கொள்ளும் என்று அஞ்ச வேண்டா. நீண்டதொரு கட்டுரையின் எழுத்தனைத்தும் ஒரு புகைப்படத்தின் அளவுக்குக் கூடப் பெரும்பாலும் வாரா.

சிறிய கைபேசி உடையோர் பதிவுக்கு முன் ஏனைய செயலிகளை மூடி, கருவியை ஒருமுறை அணைத்து எழுப்பலாம். சித்திரை வெயிலில் சூடேறிய கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். ஆகவே நிழலில் வைத்திருப்பது நன்று. கடவுச்சொல் வந்தால் உலாவியை விட்டு வெளியேறாமல், திரையின் மேல்விளிம்பைக் கீழே இழுத்து, அறிவிப்பிலேயே அதைப் படித்துக்கொள்ளலாம். அப்போது பக்கம் அகற்றப்படுவதில்லை.