பழைய வீடு, புது அறை... நடுவில் ஒழுகாமல் இருக்க!

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் பல வீடுகளில் முதலில் எழும் பேச்சு, ‘பக்கத்துல ஒரு ரூம் எடுத்துடலாம்’ என்பதுதான். வீட்டை ஒட்டிக் கிடக்கும் காலி இடத்தில், சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு ஓர் அறை எழும்பும். கோடை முழுக்க ஒரு குறையும் தெரியாது. ஐப்பசி அடைமழையில்தான் பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இடத்தில் கோடு போட்டாற்போல் ஈரம் தெரியும். அடுத்த மழையில் சொட்டும். சிமென்ட் பால் ஊற்றுவார்கள். மறு வருஷமும் அதே இடம் ஒழுகும்.

குறை சிமென்டில் இல்லை. இரண்டையும் இறுக்கி ஒட்டி ஒன்றாக்கிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இருக்கிறது.

ஏன் விரிகிறது?

பழைய வீட்டின் அஸ்திவாரம் பல வருஷமாக மண்ணை அழுத்தி, அமர வேண்டிய அளவுக்கு அமர்ந்திருக்கும். புது அறையின் பாரம் இப்போதுதான் மண்ணில் இறங்குகிறது. அது இனிமேல்தான் அமரும். களிமண், கரிசல் மண் என்றால் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவதும் சேர்ந்துகொள்ளும். புதுக் கான்கிரீட் காயக் காயச் சுருங்கும். பழையது எப்போதோ சுருங்கி முடித்துவிட்டது.

வெயிலும் விடாது. தளத்தின் சூடு 30 டிகிரி கூடிக் குறைந்தால், 10 மீட்டர் நீளத் தளம் ஏறக்குறைய 3 மில்லி மீட்டர் நீண்டு குறுகும். பார்வைக்கு இது ஒன்றுமில்லை. ஆனால், இணைப்பின் மேல் பூசிய சிமென்டுக்கு வளையத் தெரியாது. அது வெடிக்கத்தான் செய்யும். அதனால் இடைவெளி விட்டுக் கட்டி, அந்த இடைவெளிக்குள் தண்ணீர் புகாமல் மூடுவதே சரியான வழி.

தளத்தோடு தளம் சேரும்போது...

செலவைக் குறைக்க, பழைய சுவர் மேலேயே புதுத் தளத்தை ஏற்றி உட்கார வைப்பது உண்டு. பழைய தளத்தின் ஓரத்தை உடைத்து, கம்பியை வெளியே எடுத்துப் புதுக் கம்பியோடு கட்டுவதும் நடக்கிறது. இன்ஜினீயர் பார்த்துச் சொல்லாமல் இரண்டையும் செய்யக் கூடாது. அந்தச் சுவரும் அஸ்திவாரமும் இந்தப் பாரத்தைக் கணக்கிட்டுக் கட்டப்பட்டவை அல்ல. புது அறைக்குத் தனி அஸ்திவாரமும் தனித் தூண்களும் இருப்பதே நல்லது. பள்ளம் தோண்டும்போது பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால், நிற்கும் வீட்டின் காலடி மண்ணே சரியும்.

பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் ஓர் அங்குல தெர்மாகோல் அட்டை வைத்துக் கட்டினால் இடைவெளி தானாகக் கிடைத்துவிடும். மொட்டை மாடியில் அந்த இடைவெளியின் இரு பக்கமும் வயல் வரப்பு போல அரை அடி உயரத்துக்குக் கட்டை எழுப்ப வேண்டும். உள்ளே நுரை கயிற்றைத் திணித்து, அதன் மேல் ரப்பர் போல இழுபடும் சீலன்ட்டை நிரப்பி, எல்லாவற்றுக்கும் மேலே அலுமினியத் தகட்டைத் தொப்பி போலக் கவிழ்க்க வேண்டும். தகட்டை ஒரு பக்கக் கட்டையில் மட்டும் திருகினால் போதும். இரு பக்கமும் திருகினால், தளம் அசையும்போது தகடு பிய்ந்துவிடும்.

தண்ணீர் வாட்டம் இரண்டு தளத்திலும் இணைப்பைவிட்டு விலகிப் போகும்படி இருக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை அங்குலச் சரிவு தேவை. அறைக்கு உள்ளே தெரியும் இடைவெளியைப் பட்டி பார்த்து மறைத்தால் சீக்கிரமே கோடு விழும். ஒரு பக்கம் மட்டும் திருகிய மரப்பட்டையோ அலுமினியப் பட்டையோ அதை நிரந்தரமாக மறைக்கும்.

ஓட்டு வீடு என்றால்...

அந்தக் காலத்தில் ஓட்டு வீட்டைப் பெரிதாக்க நினைத்தவர்கள் சார்ப்பு இறக்கினார்கள். பழைய கூரையின் நுனிக்கு அடியில் புதுக் கூரை தொடங்கும். மேலே விழுந்த மழை வழிந்து கீழ்க் கூரையில் இறங்கி ஓடிவிடும். இணைப்பில் தண்ணீர் நிற்க வழியே இல்லை.

இப்போது ஓட்டுச் சரிவின் நுனியை இடித்துக்கொண்டு பத்தடிச் சுவர் எழுகிறது. சரிவில் வழியும் மழை மொத்தமும் அந்தச் சுவரில் மோதி, போக இடமில்லாமல் உள்ளே இறங்குகிறது. சட்டமும் கைமரமும் உளுத்துப் போகின்றன. முடிந்தால் தண்ணீர் வழியாத பக்கவாட்டுச் சுவரை ஒட்டி அறை எடுக்கலாம். வேறு வழியில்லை என்றால் நடுவில் அகலமான தகரக் கால்வாய் வேண்டும். அதன் ஒரு விளிம்பு ஓட்டுக்கு அடியில் அரை அடியாவது நுழைந்திருக்க வேண்டும். மறு விளிம்பு சுவரில் வெட்டிய காடிக்குள் செருகப்பட வேண்டும். கைவிட்டுச் சருகு அள்ளும் அளவுக்கு அகலம் முக்கியம். அடைத்த கால்வாய், கால்வாயே இல்லாததற்குச் சமம்.

பெயின்ட்டுக்கு முன் தண்ணீர்!

புதுத் தளத்தில் தண்ணீர் போகும் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பார்க்க வேண்டும். இணைப்பின் மேல் ஹோஸ் பைப்பில் ஒரு மணி நேரம் தண்ணீர் அடிக்க வேண்டும். கீழே ஈரம் கசியவில்லை என்று தெரிந்த பிறகே பட்டியும் பெயின்ட்டும்.

ஏற்கெனவே ஒழுகும் வீடு என்றால், விரிசலின் மேல் மறுபடி சிமென்ட் பூசுவது வீண் செலவு. விரிசலைக் காடியாக வெட்டிச் சுத்தம் செய்து, நன்கு காய்ந்த பின் சீலன்ட் நிரப்பி, மேலே கட்டையும் தகடும் வைக்கலாம். ஈரம் இறங்கும் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால், வேலை முடியும்வரை அந்த லைனை நிறுத்தி வைப்பது உயிருக்குப் பாதுகாப்பு.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. வீட்டை விரிவாக்க நினைப்பவர்கள் உள்ளாட்சி அனுமதி வாங்கிய கையோடு, மேஸ்திரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘பழசும் புதுசும் சேர்ற இடத்துல என்ன பண்ணப் போறீங்க?’ ‘நல்லா பூசிடலாம் சார்’ என்று மட்டும் பதில் வந்தால், சென்ட்ரிங் அடிப்பதற்கு முன் ஓர் இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது நல்லது.