கிரைண்டர் போட்டால் மெயின் விழுகிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

மாவாட்டும் நேரத்தில் வீடு முழுவதும் மின்சாரம் போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. மெயின் பெட்டியைத் திறந்தால் ட்ரிப்பர் விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டால் விளக்கு வருகிறது. கிரைண்டர் சுவிட்சைப் போட்டதும் மறுபடி விழுகிறது. மழைக்காலத்தில் கிராமத்து வீடுகளில் அடிக்கடி காணும் தொல்லை இது.

இதற்கு ஊரில் மூன்று கைவைத்தியம் நடக்கிறது. ட்ரிப்பரைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைப்பது ஒன்று. பிளக்கின் பெரிய பின்னை எடுத்துவிடுவது இரண்டாவது. பச்சை வயரைத் துண்டிப்பது மூன்றாவது. எதைச் செய்தாலும் ட்ரிப் ஆவது நின்றுவிடும். மின்கசிவு மட்டும் நிற்காது. பின்னை எடுத்தாலோ, பச்சை வயரைத் துண்டித்தாலோ, கசிகிற மின்சாரம் எர்த் வழியாகத் தரைக்குப் போக முடியாமல் கிரைண்டரின் உடம்பிலேயே நிற்கும். ஈரக்கையோடு யார் தொடுகிறாரோ, அவர் உடல் வழியாகத் தரைக்கு இறங்கும்.

விழுவது எது?

பெட்டியில் இரண்டு வகை இருக்கும். ஒல்லியாக இருப்பது எம்.சி.பி. அளவுக்கு மீறி லோடு ஏறினாலோ, ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ இது விழும். கல் இறுகிச் சுற்றாமல் நின்றாலும் விழலாம். சற்று அகலமாக, 'டெஸ்ட்' பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய வீடுகளில் இதை இ.எல்.சி.பி. என்பார்கள். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் பொருத்துவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அந்த அளவு வெளியே கசிந்தால் நொடியில் விழுந்துவிடும். ஆகவே, இது விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள்.

படிப்படியாகத் தேடுங்கள்

காலில் உலர்ந்த செருப்பு, உலர்ந்த கை, ஈரமில்லாத தரை. இவை இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

1. கிரைண்டர், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், ஹீட்டர், டி.வி. என எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்ச் ஃபேஸ் வயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் வயரில் கசிவு இருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ட்ரிப் ஆகும்.

2. இப்போது ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிடுங்கள். அப்போதும் நிற்காமல் விழுந்தால் கோளாறு வீட்டு வயரிங்கில்தான். எலி கடித்த வயர், மழைநீர் இறங்கிய சுவிட்ச் பெட்டி, வெளிவிளக்கு ஹோல்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இது எலக்ட்ரீஷியன் வேலை.

3. நின்றால், ஒவ்வொரு பொருளாகச் செருகி ஓட்டிப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதை வேறு அறையிலுள்ள பிளக்கிலும் போட்டுப் பாருங்கள். அங்கும் விழுந்தால் அந்தப் பொருளில்தான் பழுது. அங்கே விழாவிட்டால் முதல் பிளக் பாயிண்ட்டைச் சோதிக்க வேண்டும்.

4. தனித்தனியாகப் போட்டால் விழாமல், எல்லாம் சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுகிறதா? சிறு கசிவுகள் ஒன்றுசேர்கின்றன. 30 என்று எழுதியிருந்தாலும் 15-ஐத் தாண்டினாலே விழ வாய்ப்புண்டு. பழைய பொருட்களை ஒவ்வொன்றாக மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கிரைண்டரில் எங்கே கசியும்?

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா கிரைண்டர்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. இத்தனை வருடம் உழைத்த மோட்டாரில் காயில் மேலுள்ள வார்னிஷ் தேய்ந்திருக்கும். கழுவும்போது பாத்திரத்தின் அடியில் இறங்கும் தண்ணீரும், வழிந்த மாவும் மோட்டார்வரை போகும். பிளக் வயர் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்து, செம்பு தகட்டில் உரசுவதும் உண்டு.

கழுவிய மறுநாள் மட்டும் ட்ரிப் ஆனால் ஈரம்தான் காரணமாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்துப் பாருங்கள். சில நிமிடம் ஓடிச் சூடான பிறகு விழுந்தால் காயில் பழுதாகியிருக்கலாம். காயில் கட்டும் கடையில் 'மெக்கர்' வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். சாதாரண மீட்டரில் இந்தக் கசிவு பல நேரம் தெரியாது.

மாட்டுக் கொட்டகையையும் பாருங்கள்

வீட்டு மெயினிலிருந்தே கொட்டகைக்கும் தீவனம் வெட்டும் இயந்திரத்துக்கும் லைன் இழுத்திருப்பவர்கள் அதிகம். ட்ரிப்பரைக் கழற்றினால் அங்கேயும் பாதுகாப்பு போய்விடும். மாடு கோமியத்திலும் சாணத்திலும் வெறுங்காலோடு நிற்கிறது. மனிதர் தாங்கும் மின்சாரத்தை அது தாங்காது. இரும்புக் கம்பத்தில் கட்டிய கறவை மாடு காரணமில்லாமல் மிரண்டாலோ, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்கினாலோ, மின்கசிவு இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

பலரும் கேட்கும் கேள்வி

"கிரைண்டரைத் தொட்டால் லேசாக 'ஜிவ்' என்கிறது. ஆனால் ட்ரிப் ஆகவில்லை. ஓட்டலாமா?"

கூடாது. எர்த் அறுந்திருக்கலாம், அல்லது அந்த வீட்டில் ஆர்.சி.சி.பி.யே இல்லாமல் இருக்கலாம். எர்த் இல்லாத வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தாலும், ஒருவருக்கு ஷாக் அடித்த பிறகுதான் அது விழும். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும். அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். ஃபியூஸ் மட்டும் உள்ள வீடுகளில் ஓர் ஆர்.சி.சி.பி. பொருத்திக்கொள்வது அவசியம்.

மாதம் ஒருமுறை, மின்சாரம் இருக்கும்போது 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். உடனே விழுந்தால் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறது. விழாவிட்டால் தாமதிக்காமல் மாற்றுங்கள்.