சிறுநீரகத்தில் ஒரு ‘கேலிக்ஸ்’

‘வலச் சிறுநீரகத்தின் கீழ்க் கேலிக்ஸில் 7 மி.மீ. கல்’ என்றிருந்தது ஸ்கேன் அறிக்கை. தாவரவியல் பயிலும் நோயாளியின் மகள் அதைப் படித்துவிட்டு, “கேலிக்ஸ் பூவில் அல்லவா இருக்கும், டாக்டர்? அறிக்கை மாறி வந்துவிட்டதா?” என்று எங்களிடம் வினவினார். நியாயமான ஐயமே.

கத்தரிக்காயின் காம்பருகே பச்சைத் தொப்பி போல் ஒட்டியிருப்பதுதான் தாவரவியலார் கூறும் கேலிக்ஸ். பள்ளி நூல்களில் புல்லிவட்டம். மொட்டைப் போர்த்திக் காப்பது அதன் பணி. சொடக்குத் தக்காளியில் அது ஊதிப் பெருத்துக் கனியையே மூடிக்கொள்கிறது. மொட்டின் உறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இது. கிண்ணம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லொன்றும் ஏறத்தாழ இதே ஒலியுடையது. மருத்துவ நூல்களில் இரண்டும் கலந்துவிட்டன. சிறுநீரகத்துக்குப் பொருந்துவது கிண்ணமே என்பது எங்கள் கருத்து.

சிறுநீரகத்தின் உட்புறம் கூம்பு வடிவில் முடியும் திசுக்களின் நுனியிலிருந்து சொட்டும் சிறுநீரை ஏந்திக்கொள்பவை சிறு கேலிக்ஸுகள். அவை ஒன்றுகூடி இரண்டு அல்லது மூன்று பெரிய கேலிக்ஸுகளாகின்றன. அவையும் புனல் போன்றதொரு பகுதியில் இணைய, அங்கிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்குகிறது.

கல் எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பது முக்கியம். கீழ்க் கிண்ணத்தில் தங்கிய கல் வெளியேற, புவியீர்ப்புக்கு எதிராக மேலேற வேண்டும். ஆகவே அது பல மாதங்கள் வலியின்றி அங்கேயே கிடக்கலாம், வளரவும் செய்யலாம். வலி இல்லாததைக் கல் கரைந்துவிட்டதாகக் கொண்டு மறு ஸ்கேனுக்கு வராதவர்கள் பலர். அந்த மகளின் தந்தையும் அவர்களுள் ஒருவர்; முந்தைய ஆண்டு அவரது கல் 4 மி.மீ. அளவே இருந்தது. பழைய அறிக்கையை அவர் பத்திரப்படுத்தியிருந்ததால்தான் இவ்வளர்ச்சியை எங்களால் அறிய முடிந்தது.

கல் உள்ளவர்கள், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் அருந்துதல் நன்று. இதய நோயாளிகளும் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நீரைக் கூட்டலாகாது.

விலாவில் வலியுடன் குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, இரவென்றும் பாராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கல்லால் அடைபட்ட சிறுநீரில் கிருமி பெருகினால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம்.