மானத்தை வாங்கும் இளம் நாய்

தோட்டத்துக்கு நாய் வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் குட்டிப்பருவம் தாண்டும்போது அது செய்கிற சில காரியங்களை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

ஆவணியில் எங்கள் கடலைக் காட்டில் களை எடுக்க ஆறு பெண்கள் வந்திருந்தார்கள. எங்கள் நாய் மணிக்கு அப்போது எட்டு மாதம். குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள்; அந்த அக்காவுக்கு முகம் சுண்டிப்போச்சு. "நாளைக்கு நாங்க வரலீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோபத்தில் நான் மணியைக் குச்சியால் விளாசினேன். அதன்பின் என்னைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் உறும ஆரம்பித்தான். கால்நடை மருத்துவரிடம் போன பிறகுதான் என் தப்பு புரிந்தது.

முதலில், இதை எப்போதும் காமம் என்று நினைக்க வேண்டாம். கண் திறந்து சில வாரமே ஆன குட்டிகள் விளையாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பெண் நாயும் செய்யும், காயடித்த நாயும் செய்யும். புது ஆட்கள் வந்த சந்தோஷமோ பதற்றமோ தாங்க முடியாமல் இப்படி வழிகிறது. பக்கத்தில் பெட்டை பருவத்தில் இருந்தால் ஆண் நாய் அலைவது வேறு கதை.

மேலே தாவுவதற்கும் காரணம் உண்டு. குட்டிகள் தாயின் வாயை நக்கி இரை கேட்கும் பழக்கத்தின் மிச்சம் அது. நம் முகத்தை எட்டத்தான் தாவுகிறது. தொடையிடுக்கில் மோப்பம் பிடிப்பது, நாய்க்கு நம்மை விசாரிக்கும் முறை. மாதவிலக்கில் இருக்கும் பெண்களிடம் இது கூடுதலாக இருக்கும். நாய்க்கு இதில் அசிங்கம் எதுவும் தெரியாது. வெட்கம் நமக்குத்தான்.

இனி என்ன செய்யலாம்?

சிரிக்கவும் கூடாது, கத்தவும் கூடாது. இரண்டுமே அதற்குக் கவனிப்புதான், மறுபடி செய்யும். அடித்தால் இன்னும் மோசம். உறுமினதுக்கும் அடி வாங்கிய நாய், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

ஏறுவதற்கு முன்பே அடையாளம் தெரியும்: மூச்சு வாங்கும், ஆளைச் சுற்றிச் சுற்றி வரும், முன்னங்காலால் பிராண்டும். அப்போதே பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். உட்கார்ந்ததும் ஒரு துண்டு வேகவைத்த முட்டை கொடுங்கள். ஏறிவிட்டால் பேசாமல் விலக்கி, சில நிமிடம் தனியே கட்டுங்கள்.

ஆட்கள் வரும் நேரத்தில் கயிற்றில் பிடித்திருங்கள். அடங்கின பிறகு அவிழ்க்கலாம். தாவினால் திரும்பி நிற்கும்படி எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். ஒருவர் விரட்ட, இன்னொருவர் கொஞ்சிச் சோறு போட்டால் நாய்க்கு ஒன்றும் விளங்காது.

விடிகாலையில் வரப்பைச் சுற்றி நன்றாக நடத்திக் கூட்டி வாருங்கள். களி உருண்டையைச் சின்னச் சின்னதாகப் புல்லில் போட்டுத் தேடித் தின்ன விடுங்கள். வேலை இருக்கிற நாய்க்கு இந்த வம்பு குறையும்.

ஆளைப் பார்த்ததும் வாலாட்டிக்கொண்டே மூத்திரம் விடும் குட்டியைத் திட்டாதீர்கள். அது பணிவு, திட்டத் திட்டக் கூடும். வந்ததும் குனிந்து தொடாமல், அது அடங்கும்வரை கண்டுகொள்ளாமல் இருங்கள்.

காயடித்தால் பெட்டையைத் தேடி அலைவதும் ஏறுவதும் பெரும்பாலும் குறையும். ஆனால் ஊறிப்போன பழக்கம் அதனால் மட்டும் போகாது. எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். திடீரென்று அதிகமானாலோ, குறியை நக்கிக்கொண்டே இருந்தாலோ, மூத்திரம் போகச் சிரமப்பட்டாலோ நோயாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருடாவருடம். பலபேர் வந்து போகும் தோட்டத்தில் இதில் சாக்குப்போக்கே கூடாது.

இன்னொன்று, நான் தாமதமாகச் செய்தது: அந்த அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். நாய் நம்முடையது, பட்ட அவமானம் அவருடையது. நாலாம் நாள் வேலைக்கு வந்தார்கள். மணி கயிற்றில் இருந்தான். மாசம் ஒன்று ஆனது அவன் திருந்த. இப்போது அவரே தூக்குப்போசியை வைத்துவிட்டு, "மணி, உட்காரு" என்கிறார். உட்காருகிறான்.